மூன்று தலைமுறை நோய் வரைபடம்: குடும்பத்தில் ஓடும் நோயை வரைந்து படிக்கும் முறை

ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நோய் வந்துவிட்டால் அதைப் பரம்பரை நோய் என்று சொல்லிவிடுகிறோம். யாருக்கும் இல்லாத நோய் ஒரு குழந்தைக்கு வந்தால், "எங்கள் பரம்பரையிலேயே இது கிடையாதே" என்கிறோம். இரண்டுமே தவறாகப் போகக்கூடிய முடிவுகள். தொழுநோயும் காசநோயும் ஒரே வீட்டில் பலரைப் பிடித்ததால் நெடுங்காலம் வழிவழியாக வருபவை என்று எண்ணப்பட்டன. 1873-இல் ஹான்சனும் 1882-இல் ராபர்ட் கோக் என்பவரும் அவற்றின் கிருமிகளைக் கண்டுபிடித்தார்கள்; அவை தொற்றுநோய்கள். மறுபக்கம், கடுமையான இரத்தச் சோகை தரும் தலசீமியா மேஜரோடு பிறக்கும் குழந்தையின் குடும்பத்தில் பெரும்பாலும் அதற்கு முன் யாருக்கும் அந்த நோய் இருந்திருக்காது. ஆனால் அது முழுக்க முழுக்க மரபணு வழியே வருவது.

இதைப் பிரித்தறிய முதலில் வேண்டியது ஆய்வுக்கூடம் அல்ல. ஒரு பெரிய தாள், பென்சில், அழிப்பான், நினைவு தெளிவாக உள்ள மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் போதும். மரபணு ஆலோசகர் முதல் சந்திப்பில் செய்வதும் இந்த வரைபடத்தைத்தான். நீங்களே வரைந்து எடுத்துப் போனால் அந்த நேரம் முழுவதும் அதைப் படிப்பதற்குக் கிடைக்கும். பரிசோதனைகள் தவறான திசையில் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவி அல்ல, சரியாகக் கேட்கப்படாத குடும்ப வரலாறு.

யார் யாரைச் சேர்ப்பது

குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும். உங்கள் வரிசையில் உடன்பிறந்தவர்கள். மேல் வரிசையில் பெற்றோரும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களும். அதற்கும் மேலே தாத்தா பாட்டி நால்வர். பிள்ளைகள் இருந்தால் அது நான்காவது வரிசை. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருடன் மரபணுக்களில் சராசரியாகப் பாதி பொதுவாக இருக்கும். தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோருடன் கால் பங்கு. பெற்றோரின் உடன்பிறந்தோருடைய பிள்ளைகளோடு எட்டில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் தகவலின் பயன் வேகமாகக் குறையும். அரிய நோய் ஒன்று உறுதியாகியிருந்தால் மட்டும் இன்னும் தூரம் போகலாம்.

உறவுப் பெயரை மட்டும் எழுதி விடாதீர்கள். "மாமா" அம்மாவின் சகோதரராகவும் இருக்கலாம், அத்தையின் கணவராகவும் இருக்கலாம். முன்னவர் இரத்த உறவு, பின்னவரின் நோய் உங்கள் கணக்கில் வராது. "அண்ணன்" உடன்பிறந்தவரா, பெரியப்பா மகனா? ஒவ்வொருவருக்கும் "இவர் யாருக்குப் பிறந்தவர்" என்று கேட்டே எழுதுங்கள். மறுமணம் இருந்தால் எந்தத் தாய், எந்தத் தந்தை என்பதையும் குறியுங்கள். ஒரு பெற்றோர் மட்டுமே பொதுவான உடன்பிறந்தோரிடம் பொதுவாக இருப்பது பாதி அல்ல, கால் பங்கு. தத்தெடுக்கப்பட்டவரை அடைப்புக்குறிக்குள் காட்டுவது வழக்கம்.

நலமாக உள்ளவர்களையும் விடாமல் எழுத வேண்டும். இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஐந்து சகோதரிகளில் இரண்டு பேருக்கு மார்பகப் புற்றுநோய் என்பதும் இரண்டே சகோதரிகளில் இருவருக்கும் என்பதும் வேறு வேறு செய்திகள்.

குறியீடுகள்

1995 முதல் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே குறியீடுகள் பயன்பாட்டில் உள்ளன. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பாலினம் தெரியாவிட்டால் சாய்சதுரம். நோய் உள்ளவரின் உருவத்தை நிரப்பிவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நோய் என்றால் உருவத்தைக் கால் காலாகப் பிரித்து, ஒவ்வொரு காலுக்கும் ஒரு நிறம் என்று ஓரத்தில் விளக்கம் எழுதுங்கள். இறந்தவர் மீது குறுக்காக ஒரு சாய்கோடு. தம்பதியை இணைப்பது கிடைக்கோடு. அவர்கள் இரத்த உறவினர் என்றால் இரட்டைக் கோடு. கருச்சிதைவுக்குச் சிறு முக்கோணம், பக்கத்தில் எத்தனை வாரம் என்று குறிப்பு. இரட்டையருக்கு ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் இரு கோடுகள். ஒத்த இரட்டையர் என்றால் அவ்விரு கோடுகளையும் ஒரு குறுக்குக் கோடு இணைக்கும். யாரை முன்னிட்டு இந்த வரைபடம் வரையப்படுகிறதோ அவருக்கு ஓர் அம்புக்குறி.

நோய் இல்லாமல், நோய்க்கான மரபணு மாற்றத்தை மட்டும் சுமப்பவர் கேரியர். அவருக்கு உருவத்தின் நடுவே ஒரு புள்ளி. சோதனையிலோ வரைபடத்தின் தர்க்கத்திலோ உறுதியானவருக்கு மட்டும் புள்ளி வையுங்கள். சந்தேகத்திற்குக் கேள்விக்குறி போதும். தலைமுறைகளுக்கு இடப்பக்கம் ரோமன் எண்ணும், ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாகச் சாதாரண எண்ணும் கொடுத்தால் பெயர் எழுதாமலே ஒருவரைச் சுட்டலாம். வரைபடம் பல கைகளுக்குப் போகும் என்பதால் பெயர் இல்லாமல் இருப்பதே நல்லது.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

"உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். நாற்பது வருடமாக இரத்த அழுத்த மாத்திரை போடுபவர்கூட அப்படித்தான் சொல்வார். "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?", "எப்போதாவது அறுவை சிகிச்சை நடந்ததா? எதற்காக?", "மருத்துவமனையில் தங்கியது உண்டா?" என்று கேளுங்கள்.

ஒவ்வொரு நோய்க்கும் அது தொடங்கிய வயதை எழுதுவது கட்டாயம். நோயின் பெயரைவிட வயது அதிகம் சொல்லும் இடங்கள் உண்டு: எழுபதில் வந்த குடல் புற்றுநோயும் முப்பத்தெட்டில் வந்த குடல் புற்றுநோயும் வரைபடத்தில் ஒன்றல்ல. இறந்தவர் என்றால் இறந்த வயதும் காரணமும். சரியான வயது தெரியாவிட்டால் "மகள் பள்ளியில் படிக்கும்போதா, திருமணத்துக்குப் பிறகா" என்று நிகழ்ச்சிகளோடு சேர்த்துக் கேட்டால் ஐந்து வருட இடைவெளிக்குள் வந்துவிடலாம்.

காரணத்தை அப்படியே நம்பவும் கூடாது. திடீரென்று இறந்த எல்லோருக்கும் "ஹார்ட் அட்டாக்" என்று பெயர் வந்துவிடுகிறது. "வயிற்றில் கட்டி" குடலாக இருக்கலாம், கருப்பையாக இருக்கலாம், சினைப்பையாக இருக்கலாம். மூன்றும் மூன்று திசைகள். "கல்லீரலில் புற்றுநோய்" என்பது பல நேரங்களில் வேறிடத்தில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியது. மருத்துவமனைக் குறிப்பு, திசு ஆய்வு அறிக்கை, இறப்புச் சான்று ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒரு பழைய திசு ஆய்வு அறிக்கை பத்துப் பேரின் நினைவைவிட மேல்.

பொதுவாக யாரும் கேட்க நினைக்காத சில கேள்விகள்:

பிறந்து சில நாட்களிலோ மாதங்களிலோ இறந்த குழந்தைகள் உண்டா? எத்தனை பேர், ஆணா பெண்ணா? ஆண் குழந்தைகள் மட்டும் இறந்திருந்தால் அது ஒரு துப்பு.

இரண்டு மூன்று முறை கரு கலைந்தவர்கள் யார்? குழந்தையே பிறக்காத தம்பதிகள் யார்? நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள் உண்டா?

நாற்பது வயதுக்கு முன் திடீரென்று இறந்தவர், நீச்சல் தெரிந்தும் நீரில் மூழ்கியவர், ஓடும்போது மயங்கி விழுந்தவர், "வலிப்பு" என்று சொல்லப்பட்டு மருந்துக்குக் கட்டுப்படாதவர் உண்டா? இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கும் நீள் கியூடி நோய் இப்படியெல்லாம் வேடம் போடும்.

அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்தால் ஆபத்தான நிலைக்குப் போனவரோ இறந்தவரோ உண்டா? சில மயக்க மருந்துகளுக்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் கோளாறு, ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும் என்ற ஓங்கு மரபில் வருவது. முன்கூட்டியே தெரிந்தால் மயக்கவியல் மருத்துவர் வேறு மருந்துக்கு மாறிவிடுவார்.

பெற்றோர் இருவரும் திருமணத்துக்கு முன்பே உறவினரா? எப்படி உறவு?

வடிவத்தைப் படிப்பது

வரைந்து முடித்ததும் நிரப்பப்பட்ட உருவங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பாருங்கள்.

ஒவ்வொரு தலைமுறையிலும் நோய் இருக்கிறது, ஆண் பெண் இரு பாலரையும் தாக்குகிறது, தந்தையிடமிருந்து மகனுக்கும் போயிருக்கிறது என்றால் ஓங்கு மரபு. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும் வாய்ப்பு 50%. ஹன்டிங்டன் நோய் (மூளை நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழியும் நோய்), மார்ஃபான் நோய், சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் நோயின் பெரியவர் வகை, பிறவி வழிக் கொழுப்பு மிகை நோய் ஆகியவை இதில் வரும்.

ஒரே வரிசையில், உடன்பிறந்தவர்களிடம் மட்டும் நோய். மேலும் கீழும் எல்லோரும் நலம் என்றால் ஒடுங்கு மரபை நினையுங்கள். பெற்றோர் இருவரும் கேரியர்கள். ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர வாய்ப்பு 25%, கேரியர் ஆக 50%, இரண்டும் இல்லாமல் இருக்க 25%. தலசீமியா, சிக்கிள் செல் நோய், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், முதுகுத் தண்டுத் தசைச் சிதைவு, வில்சன் நோய் எல்லாம் இந்த வகை. "ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும்" என்று 25 சதவீதத்தைப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம். அந்தக் கணக்கு ஒவ்வொரு கருவுக்கும் புதிதாகத் தொடங்குகிறது; முன் பிறந்த குழந்தைக்கு என்ன ஆனது என்பதை அது நினைவில் வைத்திருப்பதில்லை.

ஆண்களுக்கு மட்டும் நோய், அதுவும் நலமாக உள்ள பெண்கள் வழியாக: தாய்வழித் தாத்தா அல்லது தாயின் சகோதரர், இப்போது மகன் என்று இருந்தால் எக்ஸ் குரோமோசோம் வழி. ஹீமோபிலியா, டுஷேன் தசைச் சிதைவு, சிவப்பு-பச்சை நிறக்குருடு, ஜி6பி.டி. நொதிக் குறைபாடு ஆகியவை இங்கே. தந்தை மகனுக்குக் கொடுப்பது ஒய் குரோமோசோம். ஆகவே நோயுள்ள தந்தையின் மகன்கள் தப்புவார்கள், மகள்கள் அனைவரும் கேரியர்கள். விக்டோரியா அரசியிடமிருந்து ஐரோப்பிய அரச குடும்பங்களுக்குப் பரவிய இரத்தப்போக்கு நோய் இதன் பாடநூல் உதாரணம். ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளில் செய்த டி.என்.ஏ. ஆய்வு அது ஹீமோபிலியா பி என்று 2009-இல் காட்டியது. ஓர் எச்சரிக்கை: நிறக்குருடு, ஜி6பி.டி. குறைபாடு போல மக்களிடையே பரவலாக உள்ளவை தந்தை, மகன் இருவருக்கும் இருக்கலாம். மகனுக்கு அது தாயிடமிருந்து தனியாக வந்தது.

தாய்க்கு நோய் இருந்தால் பிள்ளைகள் எல்லோருக்கும் ஏதோ ஓர் அளவில் போகிறது, தந்தைக்கு இருந்தால் ஒருவருக்கும் போகவில்லை என்றால் மைட்டோகாண்ட்ரியா. அதற்கென்று தனியாக 37 மரபணுக்கள் உள்ளன, அவை தாய்வழி மட்டுமே வரும். அரிது, ஆனால் இளம் வயதில் பார்வை இழப்பு, சர்க்கரை நோயோடு சேர்ந்த காது கேளாமை, தசைத் தளர்ச்சி இவை தாய்வழியில் கலந்து கலந்து தென்பட்டால் நினைவில் கொள்ளுங்கள்.

இந்த நான்கு அச்சுக்குள் அடங்காத வரைபடங்கள்தான் அதிகம் சோதிப்பவை. ஒரு பேரனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. அவனுடைய பெரியம்மாவுக்கு முப்பத்தாறு வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. தாய்வழித் தாத்தாவுக்கு அறுபதுக்கு மேல் கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம். மூன்றையும் மூன்று மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். வரைபடத்தில் மூன்றும் ஒரே கிளையில் அடுத்தடுத்து நிற்கும்போதுதான் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற சந்தேகம் எழும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்று எழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அது 55 முதல் 200 முறை வரை வந்தால் பெண்ணுக்கு முன்கூட்டிய மாதவிடாய் நிறுத்தமும் முதிய ஆணுக்கு நடுக்கமும் வரலாம்; தாய் வழியே போகும்போது அது நீண்டு 200-ஐத் தாண்டினால் மகனுக்கு அறிவு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. ஒரே மரபணு, மூன்று முகம். இதனால்தான் "தொடர்பில்லாத" நோய்களையும் எழுதச் சொல்கிறோம்.

ஏமாற்றும் இடங்கள்

புதிய பிறழ்வு முதலாவது. குள்ளத்தன்மைக்குக் காரணமான அகாண்ட்ரோபிளாசியா உள்ளவர்களில் சுமார் 80% பேரின் பெற்றோர் இயல்பான உயரம் கொண்டவர்கள். மாற்றம் பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் புதிதாக நிகழ்ந்தது. டுஷேன் நோயில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இப்படிப் புதிதாக வருவது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதால் மரபணுக் காரணம் இல்லை என்றாகாது.

மாற்றம் இருந்தும் நோய் வராமல் போவது இரண்டாவது. அப்போது ஓங்கு மரபு ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்ததுபோல் தோன்றும். ஹன்டிங்டன் நோய்க்கான மரபணுவிலும் மூன்று எழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது; அது 40 அல்லது அதற்கு மேற்பட்ட முறை இருந்தால், போதிய காலம் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை இருந்தால் வரலாம், வராமலும் போகலாம். நோய் தொடங்கும் வயதுக்கு முன்பே வேறு காரணத்தால் இறந்துபோன தாத்தாவும் வரைபடத்தில் நலமானவராகவே நிற்பார். அவரது சதுரத்துக்குப் பக்கத்தில் இறந்த வயதை எழுதியிருந்தால் இந்த ஏமாற்றம் வராது.

சிறிய குடும்பம் மூன்றாவது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணு மாற்றம் தந்தை வழியாகவும் வரும். தந்தைக்குச் சகோதரிகள் இல்லை, ஒரே மகள்தான் என்றால் அவளுக்கு வரும் வரை வரைபடம் வெறுமையாகவே இருக்கும். மார்பகப் புற்றுநோய் என்றாலே தாய்வழியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவது மருத்துவர்களிடமும் உள்ள பழக்கம், கூடவே கூடாது.

ஒரே பெயரில் பல நோய்கள் இருப்பது நான்காவது. பிறவிக் காது கேளாமைக்குப் பல மரபணுக்கள் காரணமாகலாம். பெற்றோர் இருவரும் ஒடுங்கு மரபில் காது கேளாதவர்கள், ஆனால் வெவ்வேறு மரபணுக்களால் என்றால் பிள்ளைகள் அனைவருக்கும் காது கேட்கும்.

சர்க்கரை, மாரடைப்பு, இரத்த அழுத்தம்

உண்மையில் பெரும்பாலானோரின் வரைபடத்தில் நிரம்பியிருப்பவை இவைதான். இங்கே ஒரு மரபணு அல்ல. நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்களும் வாழும் முறையும் சேர்ந்து வேலை செய்கின்றன. 50%, 25% என்ற கணக்கு எதுவும் பொருந்தாது. பெற்றோரில் ஒருவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வர வாய்ப்பு சுமார் 40%, இருவருக்கும் இருந்தால் சுமார் 70% என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆனால் பெற்றோரிடமிருந்து மரபணுவோடு சாப்பாட்டுப் பழக்கமும் உட்கார்ந்தே இருக்கும் பழக்கமும் சேர்ந்துதான் வருகின்றன என்பதால் இந்த எண்ணை முழுக்க மரபின் கணக்கில் எழுத முடியாது. ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ பாதிப் பேருக்கே. மரபணுக்கள் முழுவதும் ஒன்றாக இருந்தும் இவ்வளவுதான்.

பொதுவான நோய்களுக்கு நடுவே ஒற்றை மரபணு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுதான் இந்தப் பகுதியில் வரைபடத்தின் வேலை. இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் நிறுத்திப் பாருங்கள்.

தந்தை அல்லது சகோதரருக்கு 55 வயதுக்குள், தாய் அல்லது சகோதரிக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு. கூடவே குடும்பத்தில் யாருக்காவது எல்.டி.எல். கொழுப்பு டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமுக்கு மேல் என்றால் பிறவி வழிக் கொழுப்பு மிகை நோயைச் சந்தேகிக்க வேண்டும். உலகில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு, பெரும்பாலோருக்குத் தெரியாது. உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, மருந்து வேண்டும். ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், இரு மார்பிலும் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய்: ஒன்று இருந்தாலே மரபணு ஆலோசனைக்குப் போகலாம். மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10% மட்டுமே பரம்பரை வகை என்பதையும் மறக்க வேண்டாம்.

குடல் புற்றுநோய்க்கு 3-2-1 என்ற பழைய விதி இன்றும் கைகொடுக்கிறது. குடலிலோ கருப்பை உட்சுவரிலோ புற்றுநோய் வந்த உறவினர் மூவர், அவர்களில் ஒருவர் மற்ற இருவருக்கும் நெருங்கிய உறவு. அடுத்தடுத்த இரு தலைமுறைகள். ஒருவருக்காவது 50 வயதுக்குள். இது பொருந்தினால், இந்தப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை நிலையான லிஞ்ச் நோய்க்கூட்டு பற்றிக் கேளுங்கள். பொருந்தாவிட்டாலும் பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குக் குடல் புற்றுநோய் இளவயதில் வந்திருந்தால், அந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு அல்லது 40 வயதில், எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோபி தொடங்க வேண்டும். வயதைத் துல்லியமாக எழுதச் சொன்னதன் பயன் இங்கே நேரடியாகத் தெரியும்.

உறவுக்குள் திருமணம் நடந்த இடங்கள்

இரட்டைக் கோடு தென்பட்டால் ஒடுங்கு மரபின் வாய்ப்பு கூடும், ஏனென்றால் கணவனும் மனைவியும் ஒரே மூதாதையரிடமிருந்து ஒரே மாற்றத்தைப் பெற்றிருக்கலாம். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் 16-இல் ஒரு பங்கு இரு பிரதியும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்ததாக இருக்கும். தாய்மாமன், அக்காள் மகள் திருமணத்தில் 8-இல் ஒரு பங்கு. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் கோளாறு உள்ள குழந்தை பிறக்க 2 முதல் 3% வாய்ப்பு இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அது ஏறத்தாழ இரு மடங்கு ஆகிறது. அதாவது பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. குடும்பத்தில் ஏற்கெனவே ஒடுங்கு மரபு நோய் இருந்தால் மட்டும் இந்தச் சராசரியை நம்பக் கூடாது. அங்கே அந்த நோய்க்கென்று தனிக் கணக்குப் போட வேண்டும்.

கணக்குப் போடுதல்

இரண்டு கணக்கு தெரிந்தால் பெரும்பாலான வரைபடங்களைச் சமாளிக்கலாம்.

முதல் கணக்கு: அண்ணனுக்கு ஒடுங்கு மரபு நோய், தம்பிக்கு இல்லை. தம்பி கேரியராக இருக்க வாய்ப்பு எவ்வளவு? பாதி என்று தோன்றும். சரியான விடை மூன்றில் இரண்டு. நான்கு சாத்தியங்களில் நோய் என்பது தம்பிக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. மீதி மூன்றில் இரண்டு கேரியர். அவர் மனைவி உறவல்லாதவர், அந்த மக்களில் 25 பேரில் ஒருவர் கேரியர் என்று வைத்துக்கொண்டால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 2/3 × 1/25 × 1/4, அதாவது 150-இல் ஒன்று. மனைவி பரிசோதித்துக்கொண்டு கேரியர் என்று தெரிந்தால் அது 2/3 × 1/4, அதாவது ஆறில் ஒன்றாக ஏறிவிடும்.

இரண்டாம் கணக்கு: தாய் ஹீமோபிலியா கேரியர் என்பது உறுதி. மகள் கேரியராக இருக்க வாய்ப்பு 1/2. ஆனால் அவளுக்கு நோயில்லாத மகன்கள் இருவர். அவள் கேரியராக இருந்தும் இருவரும் தப்பியிருக்க 1/2 × 1/2 × 1/2 = 1/8. கேரியராக இல்லாமல் இருக்க 1/2, அதாவது 4/8. ஒன்றுக்கு நான்கு என்ற விகிதம். ஆகவே அவள் கேரியராக இருக்கும் வாய்ப்பு 1/5-ஆகக் குறைகிறது. மகள்கள் நலமாக இருப்பது இந்தக் கணக்கில் எதையும் மாற்றாது. இது மதிப்பீடுதான், நேரடிச் சோதனைக்கு மாற்று அல்ல.

பரிசோதனைக்குப் போகும்போது

முதலில் பரிசோதிக்க வேண்டியவர் நோய் உள்ளவர். நலமாக உள்ள நீங்கள் அல்ல. அவரிடம் எந்த மாற்றம் என்று தெரிந்தால் உங்களிடம் அதை மட்டும் தேடலாம், விடை ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும். அவரைப் பார்க்காமல் உங்களை மட்டும் பார்த்து "மாற்றம் இல்லை" என்று வந்தால், நீங்கள் தப்பிவிட்டீர்களா அல்லது அந்தக் குடும்பத்தின் மாற்றத்தை அந்தச் சோதனையால் காண முடியாதா என்று சொல்லவே வழியில்லை.

எந்தச் சோதனை என்பதும் வரைபடத்தைப் பொறுத்தது. திரும்பத் திரும்பக் கரு கலைந்தால் கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் ஆய்வு. இத்தகைய தம்பதிகளில் 2 முதல் 5 சதவீதத்தில் ஒருவரிடம் குரோமோசோம் துண்டு இடம் மாறியிருக்கும். டவுன் நோய்க்கூட்டு உள்ள குழந்தைக்கும் குரோமோசோம் ஆய்வு அவசியம். சுமார் 95% தற்செயலான கூடுதல் 21-ஆம் குரோமோசோம், பரம்பரை அல்ல. சில சதவீதம் இடமாற்ற வகை, அது பெற்றோரிடமிருந்து வந்திருக்கலாம், அடுத்த குழந்தைக்கும் திரும்பலாம். எக்ஸோம் சோதனை புரதம் தயாரிக்கும் பகுதிகள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் படிக்கும். ஆனால் ஃப்ரஜைல் எக்ஸ், ஹன்டிங்டன் போன்ற, எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வந்து நீளும் நோய்களை அது வழக்கமாகப் பிடிக்காது. அவற்றுக்குத் தனிச் சோதனை கேட்க வேண்டும். எச்சில் அனுப்பி வீட்டிலிருந்தே செய்யும் சோதனைகள் பல, ஒரு மரபணுவில் தேர்ந்தெடுத்த சில மாற்றங்களை மட்டும் பார்ப்பவை. அதில் "இல்லை" என்று வந்ததை நம்பி நிம்மதி அடையாதீர்கள்.

தலசீமியா கேரியரைக் கண்டறியத் தொடக்கத்தில் டி.என்.ஏ. சோதனை வேண்டியதில்லை. சாதாரண இரத்த எண்ணிக்கையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழ், எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் சராசரி எடை) 27-க்குக் கீழ் இருந்தால் ஹீமோகுளோபின் ஆய்வுக்குப் போங்கள். அதில் ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பீட்டா தலசீமியா கேரியர். மூன்று இடத்தில் தவறு நடக்கும். இரும்புச் சத்துக் குறைவு ஏ2 அளவைத் தாழ்த்திக் கேரியரை மறைக்கலாம். கடந்த மூன்று மாதத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் கொடையாளரின் இரத்தமும் சேர்ந்து அளக்கப்படும். ஆல்ஃபா தலசீமியா கேரியரிடம் ஏ2 உயராது. ஒருவர் பீட்டா தலசீமியா கேரியர், மற்றவர் சிக்கிள் செல் அல்லது ஹீமோகுளோபின் ஈ கேரியர் என்றாலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம். "வேறு வேறு நோய்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

ஜி6பி.டி. சோதனையிலும் இதுபோல் ஒரு பொறி உண்டு. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை வந்த கையோடு சோதித்தால் இயல்பு என்று வரலாம், ஏனென்றால் குறைபாடுள்ள பழைய அணுக்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டன. சில வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

கருத்தரித்த பிறகு காலம் குறைவு. தாயின் இரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் சோதனை 10 வாரத்திலிருந்து செய்யலாம், அது வடிகட்டும் சோதனை மட்டுமே. உறுதி செய்ய 11 முதல் 14 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவோ 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரோ எடுக்க வேண்டும். குடும்பத்தின் மாற்றம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அந்தத் திசுவில் அதைத் தேட முடியும். ஆகவே வரைபடமும் பெற்றோரின் சோதனையும் கருத்தரிக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அறிக்கையைப் படித்தல்

மரபணு மாற்றங்கள் ஐந்து வகையாகத் தரப்படுத்தப்படுகின்றன: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, பொருள் உறுதியாகாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுவில் உள்ளதுதான் குழப்பம். பொருள் உறுதியாகாத மாற்றம் என்றால் "பாதி ஆபத்து" அல்ல. இன்று சான்று போதவில்லை என்று மட்டுமே பொருள். அதை வைத்து அறுவை சிகிச்சையோ கருக்கலைப்போ முடிவு செய்யக் கூடாது, உறவினரை அதற்காகச் சோதிக்கவும் கூடாது. விதிவிலக்கு ஒன்று: மாற்றம் நோயோடு சேர்ந்தே போகிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடமே குடும்பத்தினரின் இரத்தம் கேட்கலாம். இத்தகைய மாற்றங்கள் பின்னாளில் வகை மாற்றப்படுவது உண்டு. வருடம் ஒரு முறை ஆலோசகரிடம் கேளுங்கள்.

பெரியவரான பிறகே தொடங்கும், தடுக்க வழியில்லாத நோய்களுக்கு, ஹன்டிங்டன் போன்றவற்றுக்கு, 18 வயதுக்கு உட்பட்டவரைச் சோதிப்பதில்லை. அந்த முடிவு அவருடையது. பெரியவருக்கும் "தெரிய வேண்டாம்" என்று சொல்ல உரிமை உண்டு, அதைக் குடும்பத்தார் வற்புறுத்தி மாற்ற முயல்வதை நாங்கள் ஏற்பதில்லை. தடுக்கக்கூடிய நோயில் நிலைமை வேறு. உணவிலுள்ள பினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் உடைக்க முடியாத பினைல்கீட்டோனூரியாவைப் பிறந்த சில நாளிலேயே குதிகால் இரத்தத்தில் கண்டு, பினைல் அலனின் குறைந்த உணவைத் தொடங்கினால் குழந்தையின் மூளை வளர்ச்சி காக்கப்படுகிறது. மரபணு மாறவே இல்லை. இங்கே ஒவ்வொரு நாள் தாமதமும் மூளைக்கு இழப்பு.

உறவினருக்குச் சொல்லுதல்

மாற்றம் உறுதியானதும் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதை வரைபடமே காட்டும்: ஓங்கு மரபு என்றால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவருக்கும், எக்ஸ் வழி என்றால் தாயின் சகோதரிகளுக்கும் அவர்கள் மகள்களுக்கும் முதலில். வாய்மொழியாகச் சொன்னால் மூன்றாவது ஆளிடம் போகும்போதே மரபணுவின் பெயர் மாறிவிடும். மரபணுவின் பெயர், மாற்றத்தின் சரியான குறியீடு, ஆய்வுக்கூட அறிக்கை எண், எந்தத் துறை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் ஆலோசகரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். "உன்னால்தான் வந்தது" என்ற பேச்சு எழும் வீடுகளில், குறிப்பாகப் பழி தாயின் மேல் விழும் வீடுகளில், கடிதத்தை ஆலோசகர் முன்னிலையில் கொடுப்பது உதவும். ஒடுங்கு மரபு நோய்க்கு இரு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தாக வேண்டும் என்பதை அவர் வரைந்தே காட்டிவிடுவார்.

வரைபடத்தின் மூலையில் தேதியும் தகவல் சொன்னவர் யார் என்பதும் இருக்கட்டும். புதிய நோய், பிறப்பு, இறப்பு எது நேர்ந்தாலும் சேர்த்து, தேதியை மாற்றுங்கள். நகல் ஒன்று உடன்பிறந்தவர் ஒருவரிடமும் இருக்க வேண்டும்.